நடக்காதது நடந்திருந்தால்: ஆங்கில நிபந்தனை வாக்கியங்களைப் பயிற்றுவிப்பது பற்றி



நம் வகுப்பறைகளில் 'இஃப் கிளாஸ்' என்று அழைக்கப்படும், நிபந்தனை வாக்கியம் என்ற ஒரே ஒரு இலக்கணப் பகுதியைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன். பள்ளியில் அது ஆண்டுதோறும் கற்பிக்கப்படுகிறது. தேர்வில் தவறாமல் வருகிறது. பெரும்பாலான மாணவர்கள் அதற்கு முழு மதிப்பெண்ணும் பெற்றுவிடுகிறார்கள். அதே மாணவர் பட்டம் பெற்று, நேர்முகத் தேர்வில் 'வாடிக்கையாளர் ஒருவர் உங்களிடம் கோபமாகப் பேசினால் என்ன செய்வீர்கள்' என்று ஆங்கிலத்தில் கேட்கப்படும்போது தடுமாறுகிறார். எழுதத் தெரிந்த வாக்கியம் வாயில் வருவதில்லை. இதற்கு மாணவரின் கூச்சத்தையும் கிராமத்துப் பள்ளியையும் காரணம் காட்டுவது வழக்கம். நாம் கொடுக்கும் பயிற்சிதான் காரணம் என்று நான் கருதுகிறேன்.

அந்தப் பயிற்சி எல்லோருக்கும் தெரிந்ததுதான். 'இஃப் யூ வொர்க் ஹார்ட், யூ வில் பாஸ்' என்பது முதல் வகை. அதை இரண்டாம் வகையாக மாற்றுக: 'இஃப் யூ வொர்க்ட் ஹார்ட், யூ வுட் பாஸ்.' மூன்றாம் வகையாக மாற்றுக: 'இஃப் யூ ஹேட் வொர்க்ட் ஹார்ட், யூ வுட் ஹேவ் பாஸ்ட்.' மாணவர் மாற்றிவிடுகிறார். இந்த மூன்றும் ஒரே பையனைப் பற்றிய வாக்கியங்களா என்று யாரும் கேட்பதில்லை. முதல் வாக்கியத்தில் வரும் பையனுக்குத் தேர்வு இன்னும் வரவில்லை; சொல்பவர் அவனை ஊக்கப்படுத்துகிறார். இரண்டாவதில் வருபவன் படிப்பதில்லை. சொல்பவர் அவன்மீது நம்பிக்கையைப் பாதி இழந்துவிட்டார். மூன்றாவதில் தேர்வு முடிவு வந்துவிட்டது, பையன் தோற்றுவிட்டான். மூன்று வெவ்வேறு நாட்கள், மூன்று வெவ்வேறு மனநிலைகள். ஒன்றை மற்றொன்றாக 'மாற்றுக' என்று கேட்கும்போது, அந்த வாக்கியங்கள் எதற்காகப் பிறந்தனவோ அதையே அழித்துவிட்டு வெறும் வினைவடிவத்தை மட்டும் மாணவரிடம் கொடுக்கிறோம்.

நான் சொல்ல வந்தது இதுதான். ஒரு செய்தியைப் பேசுபவர் நடப்பிலிருந்து எவ்வளவு தூரத்தில் வைக்கிறார் என்பதைக் காட்டவே ஆங்கில நிபந்தனை வாக்கியம் வடிவம் மாறுகிறது. அந்தத் தூரத்தைத் தீர்மானிக்கும் வேலையை மாணவரிடம் விடாத பயிற்சியால் பயனில்லை.

இந்த வகை எண்கள் எங்கிருந்து வந்தன? 1930களில் வெளிவந்து இன்றும் நம் வீடுகளில் இருக்கும் ரென், மார்ட்டின் இலக்கண நூல் பழைய இலக்கண மரபில் எழுதப்பட்டது.  பிறகு 1960இல் வந்த தாம்சன், மார்ட்டினே இருவரின் இலக்கண நூல் நிபந்தனை வாக்கியங்களை முதல், இரண்டாம், மூன்றாம் வகை என்று வகைப்படுத்தியது. ஆசிரியருக்கு அது வசதியாக இருந்தது, வினாத்தாள் தயாரிப்பவருக்கு அதைவிட வசதியாக இருந்தது, அப்படியே நிலைத்துவிட்டது. 1985இல் வந்த ரேமண்ட் மர்பியின் பயிற்சி நூல் எண்களைத் தவிர்த்து வடிவங்களையே தலைப்பாக வைத்தது. மறு ஆண்டே மைக்கேல் லூயிஸ் ஆங்கில வினைச்சொல் பற்றிய தம் நூலில், இறந்தகாலம் என்று நாம் சொல்லும் வடிவம் உண்மையில் தொலைவைக் குறிக்கும் வடிவம் என்று வாதிட்டார். காலத்தால் தொலைவு, உண்மையிலிருந்து தொலைவு, மரியாதை கருதிக் கேட்பவரிடமிருந்து எடுத்துக்கொள்ளும் தொலைவு. இந்த ஒரு கருத்தைப் பிடித்துக்கொண்டால் 'இப்போது பேசும் செய்திக்கு ஏன் இறந்தகால வினை' என்ற மாணவரின் நியாயமான கேள்விக்கு விடை கிடைத்துவிடுகிறது.

தமிழ் மாணவருக்கு இதை விளக்குவது மிக எளிது. ஆனால் நாம் தமிழைக் கொண்டு விளக்குவதே இல்லை.

'நாளைக்கு அவன் வந்தால் சொல்கிறேன்' என்கிறோம். நாளைய செய்திதான். வினையோ 'வந்தால்'. வந்த், ஆல் என்று பிரித்துப் பாருங்கள். ஓடினால், படித்தால், போனால் எல்லாவற்றிலும் அடியில் இருப்பது இறந்தகால வடிவம். பழைய தமிழில் இப்படி இல்லை. தொல்காப்பியம் வினையெச்ச வாய்பாடுகளில் ஒன்றாகச் சொல்லும் 'செயின்' என்பதுதான் அன்றைய நிபந்தனை வடிவம். வரின், பெயின் என்று திருக்குறள் முழுவதும் அதைக் காணலாம். நன்னூல் அந்தச் செயின் என்னும் வாய்பாட்டை எதிர்கால வினையெச்சங்களோடு வைக்கிறது. பிற்காலத் தமிழர் அந்த வடிவத்தை ஏட்டில் விட்டுவிட்டு, இறந்தகால அடியிலிருந்து 'செய்தால்' என்று சொல்லிப் பழகினார்கள். இன்னும் நடக்காததை நடந்துவிட்டதாக மனத்தில் வைத்துப் பார்த்து, அதன்மேல் முடிவைச் சொல்வது நம் நாவுக்கு இன்று அன்றாடப் பழக்கம். 'இஃப் ஹீ கேம்' என்பதில் வரும் 'கேம்' நமக்கு வியப்பாக இருக்க வேண்டியதே இல்லை.

வகுப்பறைகளில் நாம் அடித்துத் திருத்தும் ஒரு தவறே இதற்குச் சான்று. 'ரெயின் கேம் மீன்ஸ், வீ வோன்ட் கோ' என்று மாணவர் சொல்கிறார். 'மழை வந்துச்சுன்னா போகமாட்டோம்' என்பதை அவர் எவ்வளவு துல்லியமாக எடுத்து வைத்திருக்கிறார் பாருங்கள். வந்துச்சு என்பது கேம், ன்னா என்பது மீன்ஸ். பிட் கார்டர் என்ற மொழியியலாளர் 1967இல் எழுதிய கட்டுரை ஒன்றில், கற்பவரின் பிழைகள் அவர் எந்த முறையில் மொழியைக் கட்டிக்கொண்டிருக்கிறார் என்பதைக் காட்டும் சான்றுகள் என்றார். இந்த 'மீன்ஸ்' மாணவரிடம் குறைவது 'இஃப்' என்ற ஒரு சொல் மட்டுமே. நிபந்தனை என்ற சிந்தனை அவரிடம் முழுமையாக இருக்கிறது.

'இஃப் இட் வில் ரெயின்' என்று எழுதுகிறார்களே, அதற்குத் தமிழ்தானே காரணம் என்று கேட்கலாம். இல்லை. தமிழிலும் நிபந்தனைப் பகுதியில் பொதுவாக எதிர்காலம் வராது. 'நாளைக்கு' என்ற சொல் வந்தாலே 'வில்' போடு என்று காலப்பட்டியலை மனப்பாடம் செய்ய வைத்தவர்கள் நாம். அந்த 'வில்' நம் கரும்பலகையிலிருந்து வந்தது.

இப்போது கடினமான இடத்துக்கு வருகிறேன். மூன்றாம் வகைதான் கடினம் என்று ஆசிரியர்கள் நினைக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. 'போயிருந்தால் பார்த்திருப்பேன்' என்ற வாக்கியத்தில் இரண்டு பக்கமும் 'இரு' என்ற துணைவினை வருகிறது. 'இஃப் ஐ ஹேட் கான், ஐ வுட் ஹேவ் சீன்' என்பதில் இரண்டு பக்கமும் 'ஹேவ்' வருகிறது. இரு மொழிகளும் இங்கே ஏறக்குறைய ஒரே கட்டுமானம். தமிழரைத் திணறவைப்பது இரண்டாம் வகை. 'நேரம் இருந்தால் வருவேன்' என்ற ஒரே தமிழ் வாக்கியத்துக்கு ஆங்கிலத்தில் இரண்டு வாக்கியங்கள் உண்டு. நேரம் கிடைக்கலாம் என்று எண்ணினால் 'இஃப் ஐ ஹேவ் டைம், ஐ வில் கம்'. நேரம் இல்லை என்று தெரிந்தே சொன்னால் 'இஃப் ஐ ஹேட் டைம், ஐ வுட் கம்'. நம் எழுத்துத் தமிழ் இந்த வேறுபாட்டை வினைவடிவத்தில் காட்டுவதில்லை.

இதிலிருந்து, இல்லாததைக் கற்பனை செய்து பேசத் தமிழுக்கு வழியில்லை என்று யாராவது முடிவு கட்டினால் அது பெரிய பிழை. அப்படி ஒரு பிழை சீன மொழி விஷயத்தில் நடந்தது. ஆல்ஃபிரெட் புளூம் என்ற ஆய்வாளர் 1981இல் வெளியிட்ட நூலில், சீன மொழியில் நடவாததைக் குறிக்கத் தனி வினைவடிவம் இல்லாததால் சீனர்களுக்கு அவ்வகைச் சிந்தனை கடினமாக இருக்கிறது என்றார். டெர்ரி ஆவ் என்ற உளவியலாளர் 1983இல் அதை மறுத்தார். புளூம் பயன்படுத்திய சீனக் கதைகள் சீன நடைக்குப் பொருந்தாமல் எழுதப்பட்டிருந்தன. இயல்பான சீனத்தில் எழுதிக் கொடுத்தபோது வாசகர்கள் சரியாகவே புரிந்துகொண்டார்கள் என்று காட்டினார்.

தமிழும் அப்படித்தான். பேச்சைக் கவனியுங்கள். பணம் இல்லாத தகப்பன், 'பணம் இருந்தா வாங்கித் தரமாட்டேனாய்யா?' என்பார். அந்தக் கேள்வி வடிவம்தான் ஆங்கிலத்தின் 'ஹேட்', 'வுட்' இரண்டும் செய்யும் வேலையைச் செய்கிறது. 'அவ மட்டும் இங்க இருந்தா இந்த வீடு இப்படிக் கிடக்குமா?' என்பதில் 'மட்டும்' வந்து, அவள் இங்கே இல்லை என்பதை உறுதிசெய்கிறது. வகுப்பில் இரண்டாம் வகையைத் தொடங்க வேண்டிய இடம் இதுதான். 'வாங்கித் தருவேன்' என்று வீட்டில் சொன்னால் 'வில்'. 'வாங்கித் தரமாட்டேனா' என்று சொன்னால் 'வுட்'. இதைக் கேட்ட மாணவர்கள் உடனே தலையாட்டுகிறார்கள். அதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். அவர்கள் வாழ்ந்து அறிந்த வேறுபாட்டுக்கு ஆங்கில வடிவம் ஒன்று கிடைக்கிறது, அவ்வளவுதான்.

இது வெறும் நுணுக்கம் என்று எண்ண வேண்டாம். வேலைக்கு விண்ணப்பிக்கும் இளைஞர் 'இஃப் ஐ காட் திஸ் ஜாப், ஐ வுட் வொர்க் சின்சியர்லி' என்று எழுதினால், இந்த வேலை தமக்குக் கிடைக்காது என்று அவரே நினைப்பதாக ஆங்கிலம் அறிந்தவர் காதில் விழும். மதிப்பெண் கொடுத்த நமக்கு அது சரியான வாக்கியம்தான்: இரண்டாம் வகை, பிழையில்லை.

நம் பாடநூல் வகைப்பாடு செய்யும் இன்னொரு தீங்கு, கலப்பு வாக்கியங்களைப் பிழை என்று அடிப்பது. 'அந்த வேலைக்குப் போயிருந்தா இப்ப துபாயில இருப்பேன்.' எத்தனை வீடுகளில் பேசப்படும் வாக்கியம் இது! நிபந்தனை கடந்த காலத்தில், விளைவு இன்றைக்கு. ஆங்கிலத்திலும் அப்படியே: 'இஃப் ஐ ஹேட் டேக்கன் தட் ஜாப், ஐ வுட் பி இன் துபாய் நவ்.' இதை எழுதும் மாணவருக்கு, முதல் பாதி மூன்றாம் வகை, இரண்டாம் பாதி இரண்டாம் வகை, ஆகவே தவறு என்று சிவப்பு மையால் கோடு போட்ட விடைத்தாள்களை நான் கண்டிருக்கிறேன். மனிதர்கள் தங்கள் வாழ்க்கையைப் பற்றிச் சொல்ல மிகவும் தேவைப்படும் வாக்கியத்தை அவர்களிடமிருந்து பறிக்கிறோம்.

வகைகளுக்குள் அடங்காதவை இன்னும் உண்டு. 'பசிச்சா, சாப்பாடு அடுப்படியில இருக்கு' என்கிறோம். பசிக்காவிட்டாலும் சாப்பாடு அங்கேதான் இருக்கும். ஜே. எல். ஆஸ்டின் என்ற ஆக்ஸ்ஃபோர்டு தத்துவப் பேராசிரியர் 1956இல் பிரிட்டிஷ் அகாடமியில் ஆற்றிய சொற்பொழிவு ஒன்றில் இத்தகைய 'இஃப்' பற்றி விரிவாகப் பேசினார். அதேபோல, 'நீங்க வந்தீங்கன்னா உதவியா இருக்கும்' என்று நாம் பணிவாகக் கேட்பதும் 'ஐ வுட் பி கிரேட்ஃபுல் இஃப் யூ குட் கம்' என்பதும் ஒன்றே. அங்கே இறந்தகால வடிவம் மரியாதைக்காக வருகிறது. இவற்றுக்கு எண் கொடுத்து மனப்பாடம் செய்ய வைக்க வேண்டியதில்லை. தமிழ் வாக்கியத்தைப் பக்கத்தில் வைத்தால் போதும்.

'அன்லெஸ்' பற்றி ஒரு வார்த்தை. வராவிட்டால் என்னும்போது மறுப்பு வினைக்குள் இருக்கிறது. 'அன்லெஸ்' என்னும்போது மறுப்பு அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. இதைச் சொல்லாமல் விடுவதால்தான் 'அன்லெஸ் யூ டோன்ட் பே' என்று பிறக்கிறது. கட்டணம் கட்டு என்று சொல்ல வந்தவர் கட்டாதே என்று சொல்லிவிடுகிறார்.

இனி காது. பேச்சு ஆங்கிலத்தில் 'ஹேட்', 'வுட்' இரண்டும் தேய்ந்து ஒரே 'ட்' ஒலியாகிவிடுகின்றன. 'இஃப் ஐட் நோன், ஐட் அவ் கம்' என்று வேகமாகச் சொன்னால், முதல் 'ட்' ஹேட், இரண்டாவது வுட், 'அவ்' என்பது ஹேவ். ஏட்டில் மட்டும் பயின்ற மாணவருக்கு இது விளங்கவே விளங்காது. ஆங்கிலேயரிலும் அமெரிக்கரிலும் பலர் பேச்சில் 'இஃப் ஐ வுட் ஹேவ் நோன்' என்று சொல்லிவிடுவதற்கு இந்த ஒலி மயக்கமும் ஒரு காரணம் என்பது என் கருத்து. எனவே எழுத்துப் பயிற்சிக்கு முன் வாய்ப் பயிற்சி வேண்டும். ஆசிரியர் முழு வாக்கியத்தையும் தேய்ந்த வாக்கியத்தையும் மாறிமாறிச் சொல்ல, மாணவர் எந்த 'ட்' எது என்று சொல்ல வேண்டும். நிபந்தனைப் பகுதி முடியும் இடத்தில் குரல் சற்று ஏறி நிற்பதையும் அப்போதே பழக்கிவிடலாம்.

பயிற்சி எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு நம் ஊரிலேயே ஒரு முன்மாதிரி இருக்கிறது. சென்னை மாநிலம் 1950களில் அமைப்புமுறைப் பாடத்திட்டத்தைப் பெரிய அளவில் ஏற்றுக்கொண்டது. வாக்கிய அமைப்புகளை ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கித் திரும்பத் திரும்பச் சொல்ல வைக்கும் முறை அது. அதன் போதாமைகளை ஆராய்ந்த என். எஸ். பிரபு, சென்னையில் பிரிட்டிஷ் கவுன்சிலில் பணியாற்றியவர், 1979 முதல் 1984 வரை பெங்களூர், சென்னை, கடலூர்ப் பள்ளிகளில் ஒரு திட்டத்தை நடத்தினார். அந்த வகுப்புகளில் இலக்கண விதி சொல்லித் தரப்படவில்லை. ரயில் கால அட்டவணை, வரைபடம் போன்றவற்றைக் கொடுத்து, சிந்தித்து விடை காணும் வேலைகள் தரப்பட்டன. முதலில் ஆசிரியர் வகுப்போடு சேர்ந்து ஒன்றைச் செய்வார். பிறகு அதே போன்ற ஒன்றை மாணவர்கள் தாங்களாகச் செய்வார்கள். மனம் பொருளில் ஈடுபட்டிருக்கும்போதுதான் மொழியின் அமைப்பு உள்ளே இறங்குகிறது என்பது அவர் கருத்து. 1987இல் வெளிவந்த அவரது நூல் உலகெங்கும் ஆங்கிலம் கற்பிப்போர் படிக்கும் நூலாயிற்று. கடலூரிலும் சென்னையிலும் உருவான சிந்தனை நம் ஆசிரியர் பயிற்சி வகுப்புகளில் ஒரு தேர்வுக் குறிப்பாகச் சுருங்கியிருப்பது எனக்கு வேதனை தருகிறது.

விதியே சொல்லித் தரக்கூடாது என்ற அளவுக்கு நான் போகமாட்டேன். வளர்ந்த மாணவர் விளக்கம் கேட்பார், கொடுக்கத்தான் வேண்டும். ஆனால் பொருள் முதலில் வர வேண்டும். பேருந்து நிலைய அட்டவணையைக் கரும்பலகையில் எழுதுங்கள். ஆறு மணிப் பேருந்தைத் தவறவிட்டால் எத்தனை மணிக்குப் போய்ச் சேரலாம்? நடக்கக்கூடியதைச் சொல்லும் நிபந்தனைகள் தாமாகவே வரும்.

நடந்து முடிந்ததற்குக் கிரிக்கெட்டைவிட நல்ல களம் கிடையாது. 2019 உலகக் கோப்பை அரையிறுதி, மான்செஸ்டர். நியூசிலாந்து 239 ஓட்டம், இந்தியா துரத்துகிறது. 49ஆவது ஓவரில் மார்ட்டின் கப்டில் எறிந்த பந்து நேராகக் குச்சிகளில் பட்டு தோனி ரன் அவுட் ஆனார். இந்தியா 18 ஓட்டங்களில் தோற்றது. இந்த ஒரு எறிதலைப் பற்றி மாணவர்கள் தமிழில் ஒரு மணி நேரம் பேசுவார்கள். 'அந்த எறி மட்டும் தவறியிருந்தா...' 'தோனிய முன்னாடியே இறக்கியிருந்தா...' அந்த வாக்கியங்களை அப்படியே கரும்பலகையில் எழுதி, ஒவ்வொன்றையும் ஆங்கிலத்தில் சொல்ல வைத்தால், 'இஃப் தி த்ரோ ஹேட் மிஸ்ட்' என்பது மனப்பாடமாக வராது, சொல்ல வேண்டும் என்ற ஆசையோடு வரும். அவர்கள் ஒருவரை ஒருவர் மறுத்துப் பேசும்போது வடிவங்கள் தானாகவே பத்து இருபது முறை திரும்ப வரும். திருப்பிச் சொல்லுதல் தேவைதான். சொல்வதற்கு ஒரு காரணம் இருக்க வேண்டும்.

வாசிப்புப் பயிற்சிக்கு மருந்துப் பெட்டியிலுள்ள தாளையும் காப்பீட்டு விதிகளையும் கொண்டுவாருங்கள். தமிழில் நிபந்தனை வழக்கமாக முன்னால் வரும். ஆங்கிலத்தில் அது வாக்கியத்தின் கடைசியிலும் வரும்: 'டூ நாட் யூஸ் இஃப் தி சீல் இஸ் புரோக்கன்.' அவசரத்தில் படிப்பவர் முதல் பாதியோடு நின்றுவிடுவார். 'ப்ரொவைடட் தட்' என்று பின்னால் ஒட்டிக்கொண்டு வரும் நிபந்தனையைப் படிக்காமல் கையெழுத்திட்டவர்கள் எத்தனை பேர்! செவிலியராகப் பயிலும் பெண்ணுக்கு, வலி கூடினால் உடனே அழையுங்கள் என்பதை ஆங்கிலத்தில் பிழையில்லாமல் சொல்லத் தெரிவது நோயாளியின் நலம் சார்ந்த விஷயம். பள்ளிப் பயிற்சிகளில் வாக்கியத்தின் இறுதியில் வரும் 'இஃப்' மிகக் குறைவு என்பதை ஆசிரியர்கள் கவனிக்க வேண்டுகிறேன்.

கடைசியாக வினாத்தாள். தேர்வு மாறாமல் வகுப்பறை மாறாது. கோடிட்ட இடத்தை நிரப்புக, வகை மாற்றுக என்னும் கேள்விகளுக்குப் பதிலாக ஒரு சூழலைக் கொடுக்கலாம். ஒரு மாதிரி சொல்கிறேன். காலை ஆறு மணிக்குப் பேருந்து புறப்பட்டுவிட்டது. நேர்முகத் தேர்வுக்குப் போக வேண்டிய பெண் ஆறேகாலுக்குத்தான் நிலையத்துக்கு வந்தாள். அடுத்த பேருந்து ஏழு மணிக்கு. தொலைபேசியில் அவள் அண்ணன் கடிந்துகொண்டு என்ன சொல்வார்? அவள் தனக்குள் கணக்குப் போட்டு என்ன சொல்லிக்கொள்வாள்? நிறுவனத்தை அழைத்து, சற்றுத் தாமதமாக வர அனுமதி கேட்டு எப்படிப் பேசுவாள்? அண்ணன் 'இஃப் யூ ஹேட் லெஃப்ட் ஏர்லியர்' என்று தொடங்குவார். அவள் 'இஃப் ஐ டேக் தி செவன் ஓ கிளாக் பஸ்' என்று எண்ணுவாள். நிறுவனத்திடம் 'ஐ வுட் பி கிரேட்ஃபுல் இஃப் யூ குட்' என்பாள். ஒரே காலைப்பொழுதில் மூன்று தூரங்கள்.

இதற்கு மதிப்பெண் போடும்போது பாதியை வடிவத்துக்கும் பாதியைப் பொருத்தத்துக்கும் கொடுங்கள். அண்ணனின் வாயில் பொருந்தாத வாக்கியத்தை இலக்கணப் பிழையில்லாமல் எழுதியவருக்குப் பாதிதான். பொருத்தமாகச் சொல்லி 'ஹேட்' இடத்தில் 'ஹேவ்' எழுதியவருக்கும் பாதி உண்டு. பொதுத் தேர்வு மாற நாளாகும். உள்மதிப்பீட்டுத் தேர்வு நம் துறைகளின் கையில் இருக்கிறது. வரும் பருவத்திலேயே இப்படி ஒரு கேள்வியைச் சேர்க்குமாறு இங்கே அமர்ந்திருக்கும் துறைத்தலைவர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.